மேன்முறையீடு தோற்றால் சட்டத்தரணியின் செலவை யார் ஏற்பது?

க.பொ.த. (சா/த) – குடியுரிமைக் கல்வி
அலகு: சட்டமும் நீதியும்

ஹேவாஹெட்டப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் நாட்சம்பளத்திற்கு வேலை செய்யும் ஒருவருக்கு மேல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததாகக் கொள்வோம். அவர் கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். அவரிடம் பணமில்லை, அரச செலவில் ஒரு சட்டத்தரணி வாதாடுகிறார். மேன்முறையீடு தள்ளுபடியானால் அச்செலவை அவரிடம் கேட்கலாமா?

இலங்கையின் நிலை

1. அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை: குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ தமது பக்க நியாயத்தை எடுத்துரைக்க உரித்துடையவர்.

2. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டவுதவிச் சட்டம்: வறியோருக்கு உதவச் சட்டவுதவி ஆணைக்குழுவை நிறுவியது.

3. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், 4ஆம் பிரிவு: நீதியின் நலன் வேண்டும்போது, வசதியற்றவருக்குக் கட்டணம் எதுவுமின்றிச் சட்டவுதவி அளிக்கப்பட வேண்டும். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரையும் இதையே கூறுகிறது. இலங்கை அதில் 1980இல் இணைந்தது.

இங்கிலாந்தின் நிலை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மேன்முறையீடு தோற்றால், அரசு செலவிட்ட பணத்தை மீள அறவிட நீதிமன்றம் கட்டளையிடலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிசெய்தது. எனினும் எல்லோரிடமும் அறவிட முடியாது. முதலில் அவரது வருமானமும் சொத்தும் ஆராயப்படும். 2001ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, சாதாரணமாக முதல் 3,000 பவுண் சேமிப்பும், குடியிருக்கும் வீட்டில் அவருக்குரிய பெறுமதியின் முதல் 1,00,000 பவுணும் கணக்கில் எடுக்கப்படவில்லை.

சிந்திக்க

அறவிடுவதற்குச் சார்பாக: பொதுப்பணம் மக்களின் வரிப்பணம், வசதியுள்ளவர் தமது செலவைத் தாமே ஏற்பது நியாயம்.

எதிராக: தோற்றால் கடன் வருமென்ற அச்சத்தால், பிழையாகத் தண்டிக்கப்பட்ட ஏழையும் மேன்முறையீட்டைக் கைவிடக்கூடும். பணத்திற்கு அஞ்சிக் கைவிட்ட உரிமை, இல்லாத உரிமைக்குச் சமம்.

ஆகவே கவனிக்க வேண்டியது வழக்கில் தோற்றாரா என்பதை மட்டுமன்று. செலுத்தும் வசதி அவருக்கு உண்டா என்பதையுமாகும்.

மாதிரி வினா

மேலே குறிப்பிட்ட தொழிலாளியிடம் செலவை அறவிடுவது பொருத்தமா? காரணம் தருக.

விடைக் குறிப்பு: பொருத்தமன்று. (அ) அவர் வசதியற்றவர். 2007ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையோருக்குக் கட்டணமற்ற உதவியை உறுதிசெய்கிறது. (ஆ) அறவிட்டால் ஏனைய வறியோரும் மேன்முறையீடு செய்ய அஞ்சுவர்.

கவனிக்க: "ஏழை என்பதால்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. சட்டத்தின் ஆண்டையும் அது தரும் உரிமையையும் சேர்த்து எழுதுக.