உத்தரமும் தூணும்

கட்டிடமொன்றைத் தாங்கும் உறுப்புக்களுள் தலையாயவை இரண்டு. கிடையாக அமைந்து தளத்தின் பாரத்தை ஏற்பது உத்தரம். அவ்வுத்தரத்தை ஏந்தி, அப்பாரத்தை அஸ்திவாரத்தின் வழியே நிலத்திற்குச் சேர்ப்பது தூண். இவற்றையே நம் கொத்தனார்கள் பீம் என்றும் பில்லர் என்றும் வழங்குவர். இரண்டும் ஒரே சிமிட்டியாலும் ஒரே இரும்புக் கம்பியாலும் வார்க்கப்பெறுதலின், கிடத்தலும் நிற்றலும் ஒழிய இவற்றினிடையே வேற்றுமை இல்லை என்று எண்ணுவாரும் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், அதனால் உயிர்ச்சேதம் விளைதலும் கூடும் என்பதையும் இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம்.

முதற்கண் உத்தரத்தின் இயல்பை நோக்குவோம். இரு முனைகளிலும் தாங்கப்பெற்ற பலகையொன்றின் நடுவே ஒருவர் நிற்பின் அது கீழ்நோக்கி வளைகின்றது. வளையுங்கால் அதன் மேற்புறம் நெருக்குண்கிறது, கீழ்ப்புறம் இழுப்புண்கிறது. கல்லும் காங்கிரீட்டும் நெருக்கத்தை நன்கு பொறுக்கும். இழுப்பை அத்துணைப் பொறா. அவிநாசி, திருமுருகன்பூண்டி முதலிய கற்கோயில் மண்டபங்களிற் தூண்கள் நெருங்கி நிற்பதன் காரணம் இதுவேயன்றோ? கல் உத்தரம் நெடுந்தூரம் தாவுமாயின் அடிப்புறம் பிளந்து முறியும். இக்காலத்துக் காங்கிரீட் உத்தரத்தில் இழுப்புண்ணும் பக்கத்தில் கம்பி இடுவதும் இக்குறையை நீக்குதற்கே. உத்தரத்தின் நடுவில் இழுப்பு அடிப்புறத்தில் நேரும். அது தூணைக் கடந்து தொடருமிடத்தில் மேற்புறத்தில் நேரும். ஆதலின் கம்பியும் இடத்திற்கேற்ப அமைதல் வேண்டும். மற்றும், உத்தரத்திற்கு அகலத்தினும் உயரமே சிறந்தது. மரச்சட்டம் ஒன்றின் அகலத்தை இரட்டித்தால் வலிமை இரட்டிக்கும்; உயரத்தை இரட்டித்தாலோ நான்கு மடங்காகும்.

தூணின் இயல்பு வேறு. அது பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை நெருக்கப்படுவது. குட்டையும் பருமனுமான தூண் பாரம் மிகுந்தால் நொறுங்கும். நெடிது மெலிந்த தூணோ, நொறுங்குமுன்னரே பக்கவாட்டில் வளைந்து ஒடியும். மெல்லிய பிரம்பொன்றை நிறுத்தி அதன் தலையில் அழுத்திப் பார்ப்பார்க்கு இவ்வுண்மை விளங்கும். இதற்குரிய கணக்கை 1744-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்த ஆய்லர் என்னும் பேரறிஞர். மெல்லிய தூணின் உயரம் இரட்டித்தால் அது தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகக் குறையும் என்பது அதன் முடிபு. தூணின் நெடுங்கம்பிகள் புறத்தே புடைத்து வளையாவண்ணம் அவற்றைச் சுற்றி ரிங் என்னும் வளையங்களைக் கட்டுவதும் இவ்வியல்பு கருதியே. இவ்வளையங்களின் இடைவெளி 300 மில்லிமீட்டருக்கு மிகலாகாது என்பது இந்தியத் தரவிதி.

இனி, இவ்வேற்றுமை நம் வாழ்க்கையில் எவ்வாறு புகுகின்றது என்பதைக் காண்போம். 2011-ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்ற மண்ணரையைப் போன்ற பகுதிகளை எடுத்துக்கொள்வோம். பனியன் தொழில் வளரும் இடத்தில் குடியிருக்கக் கட்டிய வீடு தொழிற்கூடமாதலும், இரண்டு தளம் நான்கு தளமாதலும் வியப்பன்று. வீட்டின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் பாரத்தையும், இலேசான யந்திரங்கள் இயங்கும் தொழிற்கூடத்தின் தளம் சுமார் 500 கிலோகிராம் பாரத்தையும் தாங்குமாறு அமைத்தல் வேண்டும் என்பது தரவிதி. நடுத்தூணொன்று ஒவ்வொரு தளத்திலும் 20 சதுர மீட்டர் பரப்பைத் தாங்குவதாகக் கொள்வோம். அப்பாரம் வீடாயின் 4 டன். தொழிற்கூடமாயின் 10 டன். 125 மில்லிமீட்டர் கனமுள்ள தளத்தின் சொந்த எடை அப்பரப்பில் ஏறக்குறைய 6¼ டன். எனவே, வீட்டின் இரண்டு தளங்களைச் சுமந்து 20½ டன் தாங்கிய தூண், தொழிற்கூடத்தின் நான்கு தளங்களைச் சுமக்குங்கால் 65 டன் தாங்க நேரும். உத்தரம், சுவர் இவற்றின் எடை இதற்குப் புறம்பு.

இங்கேதான் இரண்டிற்கும் உள்ள பெருவேற்றுமை வெளிப்படுகின்றது. உத்தரம் பொதுவாகத் தன் தளத்தின் பாரத்தையே சுமப்பது; புதிய தளத்திற்குப் புதிய உத்தரம் வார்த்துக்கொள்ளலாம். அடித்தூணோ மேலுள்ள தளங்கள் அனைத்தையும் சுமப்பது. எத்தனை தளம் ஏற்றினும் அது பழைய தூணே.

வங்காள தேசத்தில், டாக்கா நகரையடுத்த சவாரில், ரானா பிளாஸா என்னும் எட்டுத்தளக் கட்டிடம் இருந்தது. கடைகளுக்கென எழுந்த அதன் மேற்றளங்களில் ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கின. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அங்கே வெடிப்புக்கள் காணப்பட்டன. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளரோ மறுநாட் காலை மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். மின்சாரம் நின்றது, மேற்றளத்து ஜெனரேட்டர்கள் இயங்கின, சிறிது நேரத்திற் கட்டிடம் முழுதும் சரிந்தது. மாண்டோர் 1,134 பேர். தையல் யந்திரத்தின் முன் அமர்ந்து பிழைக்கும் நம்மூர் மக்களைப் போன்றவரே அவர்களும்.

முறைப்படி அமைத்த உத்தரம் முறியுமுன் தொய்ந்தும் வெடித்தும் எச்சரிக்கும்; முறியினும் கேடு பெரும்பாலும் அவ்விடத்தளவில் நிற்கும். தூண் திடீரென நொறுங்கி, தான் தாங்கிய அனைத்தையும் உடன்கொண்டு வீழும். ஆதலின் தூண் உத்தரத்தினும் வலிதாதல் வேண்டும் என்பர் பொறியியலார். நிலநடுக்கத்திற்கென அமைந்த இந்தியத் தரவிதி 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, இரண்டும் கூடுமிடத்தில் தூண்களின் வளைவாற்றல் உத்தரங்களினதைப்போல் 1.4 மடங்கேனும் இருத்தல் வேண்டும் என விதித்தது.

நம் மாணவருட் பலர் நாளைத் தொழிற்கூடங்களின் உரிமையாளராகவும் கண்காணிப்பாளராகவும் செல்லக்கூடியவர். அவர்க்கு நாம் கூறுவது இது: மேல்தளம் எழுப்புமுன், யந்திரம் ஏற்றுமுன், அடித்தூணின் வலிமையைப் பொறியாளரைக்கொண்டு கணித்தறிக. உத்தரத்தில் வெடிப்புக் கண்டால் காலந்தாழ்த்தாது அவரிடம் காட்டுக. தூணில் வெடிப்போ, காரை உதிர்ந்து கம்பி புடைத்தலோ காணின், முதலில் உள்ளிருப்போர் அனைவரையும் வெளியேற்றுக. பொறியாளரை அதன்பின் அழைக்கலாம். அன்றைய வேலை நின்றுபோவதால் வரும் நஷ்டம் பின்னர் ஈடுசெய்யக் கூடியதே.