கடலுக்குப் போகும் திரை

செயலிக்குத் திரை எழுதப் பழகுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “ஃபிளட்டரா, ஜெட்பேக் கம்போஸா?” என்பதுதான். இந்த இரண்டு கருவிகளில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: நிலை மாறினால் திரை மாறும். அந்த நிலைகளை விடாமல் எண்ணிப் பார்க்கத் தெரிவதுதான் பெரிய படிப்பு.

நான் அதைப் பழகியது, புன்னைக்காயல் வள்ளத்துக்காரர்களுக்காகக் காற்றையும் அலையையும் காட்டும் ஒரு திரையை எழுதி. அதற்கான தகவல், ஹைதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் நிறுவனம் வெளியிடும் முன்னறிவிப்பு. பயிற்சிப் பாடங்களில் தகவல் வந்தது, வரவில்லை என்ற இரண்டு நிலைகளோடு முடித்துவிடுவார்கள். கடலில் மூன்றாவது ஒன்று உண்டு: தகவல் இருக்கிறது, ஆனால் பழசு. கரையில் இருந்தபோது தரவிறங்கிய காற்று வேகம், சிக்னல் போன பிறகும் பளிச்சென்று நிற்கும். அதை நம்பி ஒருவர் இன்னும் உள்ளே போகக்கூடும். அதனால் எத்தனை மணிக்கு வந்த தகவல் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் போடுங்கள். நேரம் கடந்தால் எண் மங்கி, ‘பழைய தகவல்’ என்பது முன்னால் வரட்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அழகு இரண்டாம்பட்சம்.

முதல் நாளிலிருந்தே தமிழில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் முடித்துவிட்டுப் பிறகு மாற்றினால் பொத்தான்கள் பிதுங்கும், உயரத்தைக் கட்டிப்போட்ட பெட்டியில் ‘மூ’வின் வால் வெட்டுப்படும். ‘மீன்’ கண்ணுக்கு இரண்டெழுத்து, யூனிகோடில் நான்கு குறியீடு. மூன்றோடு நறுக்கினால் புள்ளி போய் ‘மீன’ ஆகிவிடும். 1586-இல் போர்த்துகீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ என்ற தமிழ் நூல் அச்சேறியதாகச் சொல்லப்படும் ஊர் புன்னைக்காயல். இங்கிருந்து போகும் திரையில் தமிழ் எழுத்து சிதையக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

ஆண்ட்ராய்டில் எழுத்தளவுக்கு எஸ்பி (sp) அலகு, பொத்தானுக்குக் குறைந்தது 48 டிபி (dp). ஈரக்கை பட்டால் தொடுதிரை தடுமாறும் என்பதால் நான் அதைவிடப் பெரிதாகவே வைக்கிறேன். நிறங்களை உச்சி வெயிலில் நின்று தேர்ந்தெடுங்கள்.

திரையில் கடலின் ஆழத்தையும் சேர்த்து மீட்டரில் காட்டியபோது ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, எத்தன பாகமுன்னு போடுப்பா.” அவர்கள் ஆழம் அளக்கும் அலகான பாகத்துக்கே மாற்றினேன்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலியை இறக்கி, ஒவ்வொரு திரையையும் ஏன் இப்படி வைத்தார்கள் என்று படியுங்கள். பிறகு உங்கள் திரையை ஒருவர் கையில் கொடுத்து, எதுவும் விளக்காமல் அவர் கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். அடுத்து எழுத வேண்டியது அந்த இடத்தைத்தான்.