கடலைப் பொட்டலத்தில் ஒரு முகம்

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பா,

ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, ஹாஸ்டலிலும் இடம் பிடித்துவிட்டாயாம். உன் அப்பா போனில் சொன்னான். முதல் வாரத்திலேயே ஆதார் ஜெராக்ஸ் ஒன்பது போட்டாயாமே! கம்பெனிக்கு, கான்டிராக்டருக்கு, ஹாஸ்டலுக்கு, சிம் கடைக்கு. மிச்சம் எங்கே போனது?

போன வருஷம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால், யாரோ ஒரு பையனின் ஆதார் நகல். முகம், பிறந்த தேதி, முகவரி, பன்னிரண்டு இலக்கம், மேலே உப்பு.

ஜாதகத்தை இப்படி விடுவோமா? பொருத்தம் இல்லையென்றால் கேட்டுத் திருப்பி வாங்கிக்கொள்கிற ஆட்கள்தானே நாம். ஆதாரை மட்டும் 'மறைக்க நம்மிடம் என்ன இருக்கு' என்று நீட்டினோம். 2017இல் சிம்மோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது விரல் வைக்க முந்தி நின்றவன் நான்தான்.

ஓசூரை ஒட்டிய எல்லையான ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம், பெங்களூரில், அப்படி நிற்காதவர் ஒருவர் இருந்தார். கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2012இல், 86 வயதில், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று வாதாடியது அரசு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக உரிமைதான் என்றார்கள். மறுவருஷத் தீர்ப்பில் ஆதார் திட்டம் தப்பியது. ஆனால் சிம்முக்கும் வங்கிக் கணக்குக்கும் அது கட்டாயமில்லை என்றாகிவிட்டது. என் விரல் வீணாகத்தான் போயிருக்கிறது.

2022 மே மாதம் ஒரு வேடிக்கை. நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் தில்லி அதைத் திரும்பப் பெற்றது. எனக்கென்னவோ ஜனங்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்றுதான் தோன்றியது. அதன் பிறகுதான் நம் தெரு ஜெராக்ஸ் கடையிலேயே 'எதுக்குங்க?' என்ற கேள்வி காதில் விழ ஆரம்பித்தது.

மாஸ்க்டு ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஹாஸ்டலுக்கு அது போதும். பி.எஃப்புக்கு முழு எண் வேண்டும், கொடு. எந்த நகலானாலும் குறுக்கே தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போடு. விரல்ரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு, வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, 250 கோடி ரூபாய் வரை அபராதமாம். ஆனால் அது டிஜிட்டல் தரவுக்கு. காகிதமாகவே கைமாறும் நகலுக்கு அதில் இடமில்லை, கடலைப் பொட்டலத்துக்கும்தான்.

மிச்சமிருக்கும் நகல்களை அடுத்த லீவில் எடுத்து வா. பெரியம்மா கடலை வறுக்கும்போது அடுப்பில் போட்டுவிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா