அரசரை வோட்டினால் தெரிந்தெடுக்கும் விதிகள்

ராசிங்காபுரத்தை அடுத்த போடிநாயக்கனூரில் பாளையப்பட்டு இருந்த காலத்தில் பட்டமானது பிறப்பினால் வந்தது. குடிகளை யாரும் கேட்டதில்லை. ஜமீன் ஆதிக்கத்தை ஒழிக்க 1948-ம் வருஷத்தில் சட்டம் பிறந்தது. ஆயினும் அரச பதவிக்கும் வோட்டுக்கும் சம்பந்தமே இராதென்று எண்ணிவிடலாகாது. தமிழர் பலர் தோட்ட வேலைக்குச் சென்று குடியேறிய மலேயாவில், இன்றைய மலேசியாவில், பேரரசர் வோட்டினாலேயே தெரிந்தெடுக்கப்படுகிறார். அதற்குரிய விதிகள் அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் உள்ளன. கூட்டுறவுச் சங்க நிர்வாக சபைக்கு ஆள் தெரியும் அங்கத்தினர்கள் அவற்றை ஊன்றிப் படிப்பது தகும்.

மலேசியாவில் பரம்பரை அரசர் ஒன்பதின்மர் உளர். இவர்கள் கூடும் சபைக்கு மன்னர் மாநாடு என்று பெயர். இவர்களே வோட்டர்கள், அபேட்சகர்களும் இவர்களே. பகாங் பெரிய நாடு, பெர்லிஸ் மிகச் சிறியது. எனினும் இருவருக்கும் வோட்டு ஒன்றுதான். நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் சங்கத்தில் ஒரே வோட்டு இருப்பது போன்றதே இது. பதவிக்காலம் ஐந்து வருஷம்.

மைனராயிருப்பவரும், தமக்குப் பதவி வேண்டாமென்று முத்திரை காப்பாளருக்கு அறிவித்தவரும் நீக்கப்படுவர். உடல் அல்லது மனத் தளர்ச்சியாலோ வேறு காரணத்தாலோ ஒருவர் தகுதியற்றவரென்று மாநாடு இரகசிய வோட்டினால் தீர்மானிக்கலாம். அதற்குக் குறைந்தது ஐந்து வோட்டுகள் வேண்டும். எஞ்சியவர்களில் வரிசையில் முதலில் நிற்பவரின் பெயர் ஒன்று மட்டுமே வோட்டுக்கு விடப்படும். அவருக்கும் ஐந்து வோட்டுகள் கிடைத்தாக வேண்டும். கிடையாவிடில், அல்லது அவர் மறுத்துவிட்டால், அடுத்த பெயர் எடுக்கப்படும்.

ஒன்பதே பேர் கூடிய அறையில் இரகசியம் காப்பது எளிதன்று. எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர், பலர் சம்பந்திகள். கையெழுத்தைக் கண்டாலும், மையின் நிறத்தைக் கண்டாலும் ஆளைச் சொல்லிவிடலாம். ஆதலால் வோட்டுச் சீட்டுகளில் இலக்கம் இடுவதில்லை. எல்லாரும் ஒரே விதமான பேனாவும் மையும் உபயோகிக்கின்றனர். முத்திரை காப்பாளரும், அபேட்சகராக நில்லாத அரசர்களில் இளையவரும் சேர்ந்து எண்ணுவர். முடிவு தெரிந்ததும் அரசர்கள் முன்னிலையிலேயே சீட்டுகள் அழிக்கப்படும். மாமன் மைத்துனர் நிறைந்த கிராமத்தில் கைதூக்கி வோட்டளிக்கச் சொன்னால் எத்தனை கைகள் மனப்பூர்வமாய் எழும் என்பது சங்கத்தாருக்குத் தெரியாததல்ல.

நெகிரி செம்பிலான் என்னும் நாட்டிலோ வழக்கம் இன்னும் விநோதமானது. அங்கே உண்டாங் எனப்படும் தலைவர் நால்வர் அரச குடும்பத்து ஆண்களில் ஒருவரை அரசராகத் தெரிந்தெடுப்பர். அந்நால்வர் தாமே அப்பதவிக்கு வர முடியாது.

1957-ம் வருஷத்தில் முதல் தேர்தல் நடந்தது. வரிசையில் முதல்வரான ஜொகூர் சுல்தான் முதுமை காரணமாக மறுத்தார். இரண்டாமவரான பகாங் சுல்தான் அபுபக்கருக்கு வேண்டிய வோட்டுகள் கிடைக்கவில்லை. மூன்றாமவரான நெகிரி செம்பிலான் அரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான் தெரிந்தெடுக்கப்பட்டு, ஆகஸ்டு 31-ந் தேதி முதற் பேரரசரானார். ஒருவரை மறுத்ததனால் அவருடைய வம்சம் மறுக்கப்பட்டதாகவில்லை. அபுபக்கரின் மகன் 1979-லும், பேரன் 2019-லும் அதே மாநாட்டின் வோட்டினால் பேரரசராயினர். 1957-ல் மறுத்த ஜொகூர் சுல்தானின் கொள்ளுப் பேரர் 2024 ஜனவரி 31-ல் பதவி ஏற்றார்.