செம்பனைக் கம்பும் மின்கம்பியும்



"நான்தான் பூட்ஸ் போட்டிருக்கேனே, எனக்கு எப்படி ஷாக் அடிக்கும்?" என்று கேட்கிறவர் எந்தத் தோட்டத்திலும் ஒருவராவது இருப்பார். இந்த மாதம் அவருக்காகவே எழுதுகிறோம்.

மரம் உயர உயர நம் கையிலுள்ள அலுமினியக் கம்பும் நீளுகிறது. இருபது வயதைத் தாண்டிய செம்பனையில் குலை அறுக்கிறவர் கண் குலையின் மேல்தான் இருக்கும். பின்னால் போகும் கம்பி அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் கரண்டு 230 வோல்ட்டு. தோட்டத்தின் ஓரமாகப் போகும் கம்பிகளில் பல 11,000 அல்லது 33,000 வோல்ட்டு. அவ்வளவு வேகத்தை மழைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் தாங்காது. கம்பு கம்பியைத் தொடவேண்டும் என்றுகூட இல்லை, மிக நெருங்கினாலே கரண்டு தாவிவிடும். குருவி உட்கார்ந்தால் ஒண்ணும் ஆவதில்லையே என்பீர்கள். குருவியின் கால் பூமியில் இல்லை. நம் கால் இருக்கிறது.

நூறு வாட் குண்டு பல்பு எரியத் தேவையான கரண்டில் கால் பங்கு நெஞ்சு வழியாகப் போனால் போதும், இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆள் விழுந்துவிடலாம்.

ஆகவே அறுக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். கம்பி பக்கத்தில் இருக்கும் மரத்தை அறுக்காமல் விட்டு, மண்டோரிடம் சொல்லுங்கள். "குலை குறைஞ்சா சம்பளம் குறையுமே" என்ற கவலை எங்களுக்கும் தெரியும். ஆனால் ஆபத்து கண்ணெதிரே இருந்து, சொல்லியும் நிர்வாகம் அதை நீக்காவிட்டால் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் இதைத் தருகிறது. 2024 ஜூன் முதல் அது நடப்பில் இருக்கிறது.

இன்று கம்பு பிடிப்பவர்களில் பலர் இந்தோனேசிய, வங்காளதேசத் தம்பிகள். இந்தப் பக்கத்தை அவர்களால் படிக்க முடியாது. நீங்கள்தான் மலாயில் எடுத்துச் சொல்லவேண்டும்.

ஒருவருக்கு அடித்துவிட்டால்? ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள்! ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் சாவது இப்படித்தான். வீட்டிலோ ஆலையிலோ என்றால் முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள். பெரிய கம்பி என்றால் காய்ந்த கட்டையும் உதவாது. முப்பது அடிக்கு அப்பாலேயே நின்று 999க்கும், தீபகற்பத்தில் தெனாகாவின் 15454க்கும் போன் செய்யுங்கள். கரண்டு நின்றுவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகே கிட்டே போகலாம். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலம் இறங்கும்படி பலமாக அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவேண்டாம். முகத்தில் தண்ணீர் ஊற்றுவதோ, வாயில் எதையாவது புகட்டுவதோ கூடாது.

எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தோலில் சின்னப் புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே சதையை வேகவைத்திருக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவித்தார்களா என்று கேளுங்கள். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.