சமூக ஊடகங்களும் சூழல் விழிப்புணர்வும்

முன்பெல்லாம் சுற்றாடல் பற்றிய செய்திகள் மறுநாள் பத்திரிகையில்தான் வரும். இன்று சில நிமிடங்களில் நம் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. இது மக்களின் கருத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை நான் செய்த ஒரு பிழையிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலில் தீப்பற்றியது. அதிலிருந்த 1,486 கொள்கலன்களில் நைத்திரிக் அமிலமும் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணைகளும் அடங்கும். ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. பருப்பு அளவான வெண்ணிறக் குருணைகள் மேற்குக் கரையில் குவிந்தன.

அது பயணக் கட்டுப்பாட்டுக் காலம். கடற்கரையில் நடந்ததைச் சமூக ஊடகங்களே எங்களுக்குக் காட்டின. வாய் நிறையக் குருணைகளுடன் இறந்து கிடந்த மீனின் படத்தை என்னால் மறக்க முடியவில்லை. அத்தகைய படங்கள் மக்களைத் தட்டியெழுப்பின. 'பேர்ள் புரொடெக்டர்ஸ்' போன்ற அமைப்புகளின் அழைப்பை ஏற்ற இளைஞர்கள், கரைகளில் மணலைச் சலித்துக் குருணைகளை அகற்றினர். இது சமூக ஊடகத்தின் பெரும் நன்மை.

மறுபக்கமும் உண்டு. அப்போது நான் ஆறாம் தரம். "இலங்கைக் கடலில் பிடித்த எந்த மீனையும் உண்ணாதீர்கள், நஞ்சு" என்று ஒரு செய்தி வந்தது. நல்லது செய்வதாக நினைத்து, உம்மாவின் கைப்பேசியிலிருந்து ஊர்க் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பலர் அதைப் பகிர்ந்தார்கள்.

என் சாச்சா மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்பவர். இரண்டு நாட்களின் பின், விற்காத மீனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மகள், கப்பல் எரிஞ்சது கொழும்புப் பக்கம். அங்க மீன் பிடிக்கத் தடை போட்டிருக்காங்க. இது நம்மட வாழைச்சேனை மீன். இதையும் சனம் வாங்குதில்லையே" என்றார்.

நான் தலைகுனிந்தேன். உடனே குழுவில் திருத்தம் எழுதினேன். அதை ஒருவரும் பகிரவில்லை.

ஏன் இப்படி நிகழ்கிறது? நாம் எதற்கு அதிகம் விருப்பமிட்டுக் கருத்திடுகிறோமோ, அதையே இத்தளங்கள் மேலும் பலருக்குக் காட்டுகின்றன. அச்சமும் கோபமும் ஊட்டும் செய்தி விரைவாகப் பரவுகிறது. நிதானமான விளக்கம் பின்தங்கிவிடுகிறது. எழுதியவர் யாரென்று தெரியாத செய்தியைக்கூட, அனுப்பியவர் நமக்குத் தெரிந்தவர் என்பதால் நம்பிவிடுகிறோம்.

இன்னொரு குறை, நாம் விரைவில் மறந்துவிடுவது. சில மாதங்களில் அப்படங்கள் நம் திரைகளிலிருந்து மறைந்தன. ஆனால் சூழல் அமைப்புகளும் கடற்றொழிலாளரும் உள்ளிட்டோர் தாக்கல் செய்த வழக்குகள் தொடர்ந்தன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பரபரப்பு அடங்கிய பின்னும் ஆண்டுக்கணக்கில் உழைத்ததால் கிடைத்த தீர்ப்பு அது.

எனவே தோழியரே, சூழல் செய்தியொன்றைப் பகிருமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இது எங்கே நடந்தது? எப்போது நடந்தது? யார் உறுதிப்படுத்தினார்கள்? பெற்றோரும் பிள்ளைகளோடு சேர்ந்து இவற்றைக் கேட்க வேண்டும். கடலைக் காக்க எழுதும் நாம், அக்கடலை நம்பி வாழ்பவர்களின் வயிற்றில் அடித்துவிடக் கூடாது.