அடுக்களைக் கையிருப்பும் பரங்கிக்காயும்

மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாளாகக் கட்டட வேலை இல்லை. கையில் காசும் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது?

சில வீடுகளில் ரேஷன் அரிசி மட்டும் இருக்கும். பருப்பு இருக்காது. புளி இருக்காது. குழந்தையைக் கடைக்கு அனுப்புவார்கள். "அம்மா கணக்குல எழுதிக்கச் சொன்னாங்க" என்று குழந்தை சொல்லும். கடைக் கடன் இப்படித்தான் தொடங்குகிறது.

வேறு சில வீடுகளிலும் அதே கூலிதான். ஆனால் அங்கே ஏழெட்டு டப்பாக்களில் சாமான் இருக்கும். மூலையில் ஒரு பரங்கிக்காய் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் மழை நாளிலும் குழம்பு கொதிக்கும்.

எட்டுச் சாமான்கள்

உப்பு, புளி, மிளகாய், மஞ்சள், கடுகு, பருப்பு, எண்ணெய், வெல்லம். இந்த எட்டும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க நம்மால் முடியாது. கூலி வாங்கும் நாளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். இரண்டு மாதத்தில் எட்டு டப்பாவும் நிறைந்துவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 கிராம் பருப்பு 16 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முறை வாங்கினால் 160 ரூபாய். அதே பருப்பு 1 கிலோவாக வாங்கினால் 140 ரூபாய். மிச்சம் 20 ரூபாய். ஆனால் பெரிய பொட்டலம் எல்லாமே மலிவு என்று நம்பிவிடாதீர்கள். சில பொருள்களில் சின்னப் பாக்கெட்தான் மலிவாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடையில் ஒரு மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்கள். மருமகள் மாலை வகுப்பில் படித்தவள்.

"அத்தை, இந்த எண்ணெய்ப் பாக்கெட்ல 140ன்னு போட்டிருக்கு. கடைக்காரர் 145 கேட்கிறாரு."

"போட்டதுக்கு மேல கேட்கலாமாம்மா?"

"கூடாது அத்தை. வரியெல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை."

"அப்படின்னா அந்த எண்ணைக் காட்டிக் கேளு."

காட்டினாள். கடைக்காரர் 140 ரூபாய்தான் வாங்கினார்.

பாக்கெட்டில் எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் எண்கள் ஒன்றுதான். விலை, எடை, தேதி மூன்றையும் தேடிப் படியுங்கள். 1 லிட்டர் எண்ணெயில் சுமார் 910 கிராம் என்று இருக்கும். பயப்பட வேண்டாம். எண்ணெய் தண்ணீரை விட எடை குறைந்தது.

எண்ணெயை உதிரியாக வாங்காமல் முத்திரையிட்ட பாக்கெட்டாக வாங்குவது நல்லது. 1998ஆம் ஆண்டு தில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பு வீங்கியது. பலர் இறந்துபோனார்கள்.

வாங்கியதைக் காப்பது

புளியைக் கொட்டை நீக்கி, கல் உப்புச் சேர்த்து, ஜாடியிலோ மண்பானையிலோ வையுங்கள். பித்தளையிலும் அலுமினியத்திலும் வைக்காதீர்கள். பருப்பையும் மிளகாயையும் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு மூடுங்கள். பருப்பில் காய்ந்த வேப்பிலை போடலாம். அயோடின் உப்பைத் திறந்து வைத்தால் அதன் சத்துக் குறையும். பூச்சிமருந்து இருந்த டின்னை எத்தனை முறை கழுவினாலும் சாமான் போட்டு வைக்கக் கூடாது.

பரங்கிக்காய்

பொங்கல் சமயத்தில் சந்தையில் பரங்கிக்காய் குவியும். மலிவாகவும் கிடைக்கும். தித்திப்பு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். புளியும் காரமும் சேர்த்தால் அந்தத் தித்திப்பே ருசியாகிவிடும்.

இதற்குத் தமிழிலேயே பல பெயர்கள். மஞ்சள் பூசணி என்பார்கள். கொங்கு நாட்டில் அரசாணிக்காய். கேரளத்தில் மத்தங்காய். ஆந்திரத்தில் கும்மடிக்காய். வங்காளத்தில் கும்ரோ. வேலைக்காகத் தில்லிக்குப் போன நம் ஆட்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 'சீதாபல்' என்று கேட்டால் பரங்கிக்காயை எடுத்துத் தருவார்கள். நம் சீத்தாப்பழத்துக்கு அங்கே 'ஷரீஃபா' என்று பெயர்.

பரங்கி நம் நாட்டுக் காய் அல்ல. மிளகாயைப் போலவே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. கடல் கடந்து வந்து இந்தியா முழுவதும் படர்ந்துவிட்டது. ஓணத்துக்கு மலையாளிகள் இதில் தட்டைப்பயறும் தேங்காயும் சேர்த்து எரிசேரி செய்கிறார்கள். வங்காளிகள் கறுப்புக் கொண்டைக்கடலை சேர்க்கிறார்கள். பூவை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். நாம் மார்கழிக் கோலத்தில் வைக்கிறோமே, அதே பூதான்!

வாங்கும்போது காம்பைப் பாருங்கள். காய்ந்த காம்பு ஒட்டியிருக்க வேண்டும். தோலில் நகம் இறங்கக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு உடைந்தால் அந்த இடத்தில் அழுகும். முற்றிய காயைக் கழுவாமல், ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்தில், வைக்கோல் மேலோ பலகை மேலோ வையுங்கள். இரண்டு மூன்று மாதம் கெடாது. வெட்டிவிட்டால் கதை வேறு. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். பெரிய காயானால் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இதன் மஞ்சள் சதையிலிருந்து நம் உடம்புக்கு ஏ வைட்டமின் கிடைக்கிறது. இந்த வைட்டமின் குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும். கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். விதையை எறியாதீர்கள். கழுவிக் காயவைத்து வறுத்தால் குழந்தைகள் விரும்பித் தின்பார்கள்.

பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு

அரைக் கிலோ காயைத் துண்டு போடுங்கள். இரண்டு கரண்டி எண்ணெயில் கடுகும் நான்கு மிளகாயும் தாளியுங்கள். காயைப் போட்டு வதக்குங்கள். மஞ்சள், உப்பு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மூடுங்கள். காய் சீக்கிரம் வெந்துவிடும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். கடைசியில் ஒரு சிறு துண்டு வெல்லம். வேகவைத்த பருப்பு இருந்தால் அதையும் சேர்க்கலாம். காயைத் தவிர மற்றவை எல்லாம் அந்த எட்டு டப்பாவில் இருப்பவைதான்.

வெட்டியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் காயைச் சமைக்கவே கூடாது. கசப்பில் நஞ்சு உண்டு. வேகவைத்தாலும் அது போகாது.

எழுதிப் பாருங்கள்

1. எட்டுச் சாமான்களில் உங்கள் வீட்டில் இன்று எவை உள்ளன?
2. எது எத்தனை நாளுக்கு வரும்?
3. அடுத்த கூலி நாளில் எதை வாங்குவீர்கள்? விலை என்ன?